பேசாதவர்களின் சம்மதம்

2051 பிப்ரவரி 11, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சாஹில் குடியரசின் பதினான்கு தீவுகளிலும் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. எடுத்தவர்களிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது. அதிபரின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டாக நீட்டும் பதினேழாம் திருத்தத்துக்கு உங்களுக்குச் சம்மதமா? பதில் சொல்ல நாற்பது நொடி அவகாசம். 1,61,000 பேர் ஆம் என்றார்கள். 2,04,000 பேர் இல்லை என்றார்கள். 2,47,000 பேர் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் தேர்தல் ஆணையம் முடிவை அறிவித்தது. பேசாதவர்களில் 2,39,000 பேருடைய மௌனம் சம்மதம். எட்டாயிரம் பேருடையது மறுப்பு. நான்கு லட்சம் பேரின் ஆதரவுடன் திருத்தம் நிறைவேறியது.

மௌனத்தைப் பிரித்துச் சொன்னது ஓர் இயந்திரம். அரசாணையில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தலைநகர் மர்ஸாவில் எல்லாரும் அதைக் 'காது' என்றுதான் சொல்வார்கள். கேள்வி முடிந்தபின் ஒருவர் எப்படி மூச்சு விடுகிறார், எப்போது எச்சில் விழுங்குகிறார், தொண்டை எந்த இடத்தில் இறுகுகிறது என்பதையெல்லாம் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டதைக் காது எழுதும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதற்கான சட்டம் வந்தபோது, மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் குழு ஒன்று முன்னுதாரணம் காட்டி ஒப்புதல் கொடுத்தது. நிக்காஹுக்கு முன் சம்மதம் கேட்கும்போது கன்னிப்பெண் பேசாதிருந்தால் அது சம்மதமே. பெண்ணுக்குப் பொருந்துவது குடிமகனுக்கும் பொருந்தும் என்றார்கள். அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு, மக்களிடம் மசூரா செய்யாமல் எந்தத் திருத்தமும் கூடாது என்கிறது. கலந்து கேட்க வேண்டும் என்று எழுதியவர்கள், பதில் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள்.

வாக்கெடுப்பை எதிர்த்து மீனவர் சங்கம் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. காது சரியாகக் கேட்கிறதா என்று ஆராய்ந்து சொல்ல, நீதிமன்றம் தன் ஒலித்தடய நிபுணர் நுஸ்ஹாவை நியமித்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. மிரட்டல் தொலைபேசிகள், வெட்டி ஒட்டிய பேச்சுகள், போலிக் குரல்கள் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. அங்கே முத்திரை வைத்த பெட்டி ஒன்று வந்தது. காது பாடம் படித்த பதிவுகள் அதில் இருந்தன. முப்பத்தோராயிரம். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் மௌனம். ஒவ்வொன்றும் சரியாக நாற்பது நொடி. மின்விசிறிச் சத்தம், வளையல் சத்தம், பட்டுத்துணி உரசும் சத்தம். பின்னணியில் எப்போதும் பெண்கள். பல பெண்கள், ஒரே அறையில், பேச்சை அடக்கிக்கொண்டு. கேள்வி கேட்ட ஆண் குரலை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. 4,112ஆம் பதிவின் தொடக்கத்தில் அரைச் சொல் மிச்சமிருந்தது. "...மதமா, மகள்?"

நுஸ்ஹா காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாற்பது நொடி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. 2026ஆம் ஆண்டு நிக்காஹ் சட்டப்படி, காதி மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டபின் நாற்பது நொடி காத்திருக்க வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து காதிப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும். கட்டாயக் கல்யாணங்களைத் தடுக்க வந்த சட்டம் அது. அப்போது எல்லாரும் பாராட்டினார்கள்.

பதிவுகளின் பட்டியலில் 30,788 எண்களுக்கு எதிரே 'சம்மதம்' என்று இருந்தது. 212க்கு எதிரே 'மறுப்பு'. அந்த 212ஐ மட்டும் தனியாக எடுத்துக் கேட்டாள். சிலதில் தேம்பல், ஒன்றில் மயங்கி விழும் சத்தம், ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடும் காலடி. எல்லாமே நின்றுபோன கல்யாணங்கள். காதுக்கு யாரும் மௌனத்தை விளக்கிச் சொல்லவில்லை. நிக்காஹ் நடந்ததா, நடக்கவில்லையா என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடந்திருந்தால் அந்த மௌனம் சம்மதம். அது கற்ற பாடம் அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், 18,406ஆம் பதிவில், யாரோ ஒரு பெண்ணுக்கு விக்கல்.

ஆறு நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. நுஸ்ஹா அசையாமல் கேட்டாள். நான்காம் விக்கலுக்குப் பின் வேறொரு பெண் அடக்க முடியாமல் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் மாமியுடையது. விக்கல் அவளுக்கு மூத்தவளான ராத்தாவுடையது. 2029 அக்டோபரில், நுஸ்ஹாவின் நிக்காஹ் நாளில், நாற்பது பெண்கள் கூடியிருந்த அறையில், காதி கேட்டபோது ராத்தாவுக்கு விக்கல் எடுத்ததைச் சொல்லி இன்றைக்கும் குடும்பத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஏழு விக்கல். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நுஸ்ஹா அந்த வாரம் வாப்பாவிடம் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஒலியியல் படிக்க வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. காதி கேட்டபோது நா எழவில்லை. ஒவ்வொரு விக்கலாக எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது விக்கல் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

18,406. சம்மதம். உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

பெட்டியின் அடியில் பதிவுகளை ஒப்படைத்த கடிதம் இருந்தது. காதிப் பதிவகம் கொடுத்தது. கீழே துணைப் பதிவாளரின் கையெழுத்து. எம். தாஸிம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் கணவன்.

*

மரைக்காயர் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். அந்த வீடும் நுஸ்ஹாவின் உம்மா கொடுத்தது. அன்று மாலை சாப்பாட்டில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு வயது மகள் அம்னா பேசிக்கொண்டே இருந்தாள்.

"வரலாற்று டீச்சரை மாத்திட்டாங்க. கடைசித் தீவுக்கு. அவங்க அன்னைக்கு 'இல்லை'ன்னு சொன்னாங்களாம்."

"யார் சொன்னது?" என்றார் தாஸிம்.

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாது. சாப்பிடு."

வாக்கெடுப்பு நாளன்று இந்த வீட்டில் கைப்பேசிகள் ஒலித்தபோது தாஸிம் மாடிக்குப் போனார். நுஸ்ஹா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே இறங்கி வந்தபின் இருவரும் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நுஸ்ஹா எதுவும் சொல்லாமல் நாற்பது நொடி நின்றிருந்தாள். அரசாங்கச் சம்பளம், அரசாங்கக் கட்டடம். பேசாமல் இருந்தால் எந்தப் பக்கமும் இல்லை என்று நினைத்திருந்தாள்.

"மச்சான்," என்றாள் இப்போது. "உங்க ஆபீஸ்ல இருந்து நிக்காஹ் பதிவெல்லாம் எப்பவாவது வெளியே போயிருக்கா?"

"எங்க ஆபீஸ்ல இருந்து ஈ கூட வெளியே போவாது."

"ஈயைக் கேக்கல."

அம்னா சிரித்தாள். தாஸிம் சிரிக்கவில்லை. "கோர்ட்டுக்காகக் கேக்கிறியா, உனக்காகக் கேக்கிறியா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"சம்பளம் வேற வேற, புள்ள." மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "வாங்குன சம்பளத்துக்கு வாயை மூடிட்டு இருக்கிற வேலை என்னுது. கேட்டுட்டுச் சொல்ற வேலை உன்னுது. சாப்பாட்டு நேரத்துல மாத்திக்க வேணாம்."

பொய் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. எதற்காகச் சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை. அதிகாரிகளுக்குப் பயந்தா, அவளுக்குப் பயந்தா?

*

மார்ச் முதல் வாரம் அவள் அறிக்கை நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. தலைமை நீதியரசர் முஹ்ஸின் மெதுவான மனிதர். கண்ணாடியைத் துடைத்தபடி முழுவதும் கேட்டார்.

"அம்மா, இது கணக்கு," என்றார். "நல்ல கணக்குத்தான். ஆனால் இந்த முப்பதாயிரத்துச் சொச்சம் மௌனமும் காதிகள் சான்றளித்த சம்மதங்கள். காதி சான்றளித்ததைக் கணக்கு உடைக்காது. சம்மதம் கேட்கப்பட்டவளே வந்து, என் மௌனம் சம்மதம் அல்ல என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படி ஒருத்தி இருந்தால் பத்து நாளில் அழைத்து வாருங்கள். இல்லையென்றால் வாக்கெடுப்பு செல்லும்."

நடைக்கூடத்தில் மீனவர் சங்கத்தின் வக்கீல் ஸவாஹிர் அவளைப் பின்தொடர்ந்து வந்தார். அறுபது வயது, பெரிய குரல், கையில் எப்போதும் சாயாக் கோப்பை. அண்ணன் முறையில் அவரை அவள் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

"முப்பதாயிரம் பேர்ல ஒருத்தி போதும்," என்றார். "ஆனா எந்தப் பொம்பளை வருவா? வந்து சொன்ன அந்த நிமிஷமே அவ நிக்காஹ் செல்லாது. நிக்காஹ் சட்டம், பதினாலாம் பிரிவு. சம்மதம் இல்லாத நிக்காஹ் ஆரம்பத்துல இருந்தே இல்லை."

"பிள்ளைகள் இருந்தா?"

"பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. பேரு, வாரிசு உரிமை எல்லாம் அப்படியே நிக்கும். புருஷன் மட்டும் அந்நியன் ஆயிடுவான். சேர்ந்து வாழணும்னா மறுபடி நிக்காஹ் செய்யணும். அப்ப மௌனம் செல்லாது, தெரியுமா? கன்னிப்பொண்ணு வெட்கப்படுவான்னுதான் அவளுக்குப் பேசாம இருந்தாலே போதும்னு வெச்சாங்க. ஒருதடவை வாழ்ந்தவ வாயைத் தொறந்து சொல்லணும். சொல்லலைன்னா சம்மதம் இல்லை."

"அரசாங்கம் இந்த ரெண்டாவது பாதியைப் படிக்கலையா?"

"படிச்சிருப்பாங்க. பக்கத்தைத் திருப்பியிருப்பாங்க." சாயாவை ஒரு மிடறு குடித்தார். "அந்தக் காலத்து அறிஞர்கள்ல சிலபேர், பொண்ணு அழுதா கண்ணீர் சூடா இருக்கா, குளிர்ச்சியா இருக்கான்னு பாருங்கன்னு எழுதியிருக்காங்க. குளிர்ந்தா சந்தோஷம், சுட்டா துக்கம். நாம சிரிக்கலாம். ஆனா பாரு, அவங்க கிட்டப் போய்த் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. இவங்களுக்கு அந்தச் சிரமமும் வேணாம்."

ஸவாஹிர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ இப்படிப் பேசாம நிக்கிறதைக் காது கேட்டா சம்மதம்னு எழுதிடும், மகள்."

"எதுக்குச் சம்மதம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"காக்கா, ஆய்வுக்கு என்னைத்தான் போடணும்னு உங்க மனுவுல கேட்டிருந்தீங்க. ஏன்?"

"இந்தக் கட்டடத்துலயே காது நல்லாக் கேக்கிறவ நீ ஒருத்திதான்."

அது பாராட்டா அல்லது வேறு ஏதாவதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. 2029இல் ஸவாஹிர் மரைக்காயர் தெருவில்தான் குடியிருந்தார். கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார். விக்கல் கதை அவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து நுஸ்ஹா வேலையை ராஜினாமா செய்தாள். ஆய்வாளரே சாட்சியாக முடியாது என்பது விதி. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தாஸிமிடம் சொன்னாள். முற்றத்தில் நின்றபடியே, ஒரே மூச்சில், பெட்டி, எண், விக்கல், கடிதத்தில் இருந்த கையெழுத்து வரை எல்லாம்.

தாஸிம் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"கையெழுத்து என்னோடதுதான். மேல இருந்து உத்தரவு வந்துச்சு. போட்டேன்."

"எங்கிட்ட ஈ கூடப் போவாதுன்னீங்க."

"நீ எங்கிட்ட இருபத்திரண்டு வருஷம் என்ன சொன்னே?"

அவர் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை. கல்யாணமான ஆறாம் வருஷம் அவள் படிக்கப் போகிறேன் என்றபோது, உள்ளூர்க் கல்லூரிக்கு அவரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அதையெல்லாம் சொல்லி வாதாடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாதாடவில்லை.

"பதிவுக்குப் பேர் கிடையாது," என்றார். "எண்ணுக்கும் பேருக்கும் உண்டான புத்தகம் எங்கிட்ட இருக்கு. கோர்ட்டு அதைக் கேக்கும். நான் கொண்டுவந்து காட்டினாத்தான் அது நீ. இல்லைன்னா யாரோ ஒருத்தி, யாரோ ஒருத்தியோட விக்கல். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன தைரியத்துல ராஜினாமா செஞ்சே?"

"தைரியம் இல்லை. சந்தேகம்தான். நீங்க என்ன செய்வீங்கன்னு பாக்கணும்."

*

மார்ச் 14. நீதிமன்ற மண்டபம் நிறைந்திருந்தது. நுஸ்ஹா சத்தியம் செய்துவிட்டு 18,406ஆம் பதிவை ஒலிக்கவிடச் சொன்னாள். ஏழு விக்கல்களையும் நீதிபதிகள் கேட்டார்கள். மண்டபத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"இது என் மௌனம்," என்றாள். "இது சம்மதம் இல்லை."

அரசு வழக்கறிஞர் லுத்ஃபி எழுந்தார். இளமையானவர், குரலை உயர்த்தாதவர்.

"சம்மதம் இல்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டு குடும்பம் நடத்தினீர்கள். ஒரு மகள் இருக்கிறாள். இடையில் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஏன்?"

"யாரும் கேட்கவில்லை."

"இப்போது யார் கேட்டார்கள்? மீனவர் சங்கமா?"

"நீதிமன்றம்."

"இந்தத் திருத்தம் தோற்றால் உங்களுக்கு என்ன லாபம்?"

"எனக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது எனக்குக் கணவர் இருக்க மாட்டார்."

"அதுவே லாபமாக இருக்கலாமே," என்றார் லுத்ஃபி. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் பாதிப்பேர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து தாஸிம். புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தைப் பிரித்து வாசித்தார். 18,406, மரைக்காயர் தெரு, 2029 அக்டோபர் 19. மணப்பெண் நுஸ்ஹா. மணமகன் தாஸிம்.

லுத்ஃபி மறுபடி எழுந்தார். "புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நூறு எண்கள். நீங்கள் தேடவே இல்லை, நேராகப் பிரித்தீர்கள். எத்தனையாம் பக்கம் என்று முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"நேற்று உங்கள் மனைவி சொல்லித்தந்தாரா?"

"இல்லை."

"பின்னே?"

தாஸிம் தலைமை நீதியரசரைப் பார்த்தார். "சத்தியம் செஞ்சிருக்கேன், ஐயா. சொல்றேன். காதுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பதிவுகளைக் கேட்டாங்க. எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு என் பொறுப்பு. 18,406 முதல்ல பட்டியல்ல இல்லை. நான்தான் சேர்த்தேன்."

"ஏன்?"

"எனக்கு அது தெரிய வேண்டியிருந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு இவ உம்மா சொன்னாங்க, பொண்ணு வெட்கத்துல பேசலைன்னு. நானும் நம்பினேன். ஆனா இவ வெட்கப்படுற ஆள் இல்லைன்னு மூணு மாசத்துல தெரிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து ஒரு சந்தேகம். காதைச் சோதிச்சுப் பாக்கிற நாள்ல, பாடம் எடுத்த ஆளுங்க எந்தப் பதிவு வேணும்னாலும் போட்டுப் பாருங்கன்னாங்க. நான் இதைப் போட்டேன். தொண்ணூத்தேழுன்னு காட்டுச்சு." புத்தகத்தை மூடினார். "அன்னைக்கு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். வழியில பூ வாங்கிட்டுப் போனேன்."

நுஸ்ஹாவுக்கு அந்தப் பூ நினைவிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

வெளியே நடைக்கூடத்தில் இருவரும் தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். தீர்ப்பு வரும்வரை அவர் அவளுக்கு யார் என்று இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"மெஷினைக் கேட்டிருக்கீங்க," என்றாள்.

"ஆமா."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பேச மாட்டே, புள்ள."

"கேட்டுப் பாத்தீங்களா?"

தாஸிம் புத்தகத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். ஸவாஹிர் அந்தப் பக்கம் வேகமாக வந்தார், இருவரையும் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார்.

*

மார்ச் 20 அன்று தீர்ப்பு வந்தது. வெட்கப்படும் ஒருத்திக்கு மார்க்கம் காட்டிய சலுகையை அதிகாரம் தனக்கென்று எடுத்துக்கொண்டது என்று தலைமை நீதியரசர் எழுதியிருந்தார். காது படித்த பாடம் தவறு. பேசாத 2,39,000 பேரின் பெயரில் எழுதப்பட்ட சம்மதம் செல்லாது. ஒருமுறை கேட்கப்பட்டுவிட்ட மக்கள் இனிக் கன்னியின் நிலையில் இல்லை. எனவே அவர்கள் வாயால்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் மறுவாக்கெடுப்பு. தீர்ப்பின் நாற்பத்திரண்டாம் பத்தியில், சாட்சி நுஸ்ஹாவுக்கும் துணைப் பதிவாளர் தாஸிமுக்கும் இடையிலான நிக்காஹ் தொடக்கம் முதலே இல்லை என்றும், மகளின் உரிமைகளுக்குப் பாதிப்பு இல்லை என்றும் நான்கு வரிகள் இருந்தன.

மீனவர் சங்கம் துறைமுகத்தில் இனிப்பு வழங்கியது. தாஸிம் பெட்டியோடு தம்பி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மகளைப் பார்க்க வந்தபோது, இருபத்திரண்டு ஆண்டுகள் தாமாகவே திறந்து நுழைந்த கதவைத் தட்டிவிட்டு வாசலில் நின்றார். நுஸ்ஹா எழுந்து முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப வாப்பா உங்களுக்கு யாரும்மா? ஒன்னுவிட்ட சொந்தமா?"

யாரும் சிரிக்கவில்லை. "சாயா போடு," என்றாள் நுஸ்ஹா.

ஏப்ரல் முழுவதும் அவர் அப்படி வந்துபோனார். ஒருநாள் வாசற்படியில் நின்றபடி கேட்டார். "மறுபடி காதியைக் கூட்டிட்டு வரவா?"

"வாக்கெடுப்பு முடியட்டும்."

"கேட்டா சொல்லுவியா?"

"கேக்கட்டும். அப்ப பாப்போம்."

அந்தப் பதிலைத் தம்பி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் வந்து, "நேத்து நீ சொன்னது ஆமாவா, இல்லையா?" என்றார். அவள் அவருக்குச் சாயா ஆற்றிக் கொடுத்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நீதிமன்றம் சொன்னபடி மௌனம் எண்ணப்படாது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க, பேசுபவர் ஒவ்வொருவரின் குரலும் குடியுரிமை அட்டையிலுள்ள குரலோடு ஒப்பிட்டுச் சேமிக்கப்படும். அறிவிப்பில் மிரட்டல் எதுவும் இல்லை. அதே வாரம் மர்ஸாவின் இரண்டு பள்ளிகளில் ஐந்து ஆசிரியர்கள் கடைசித் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றும் இல்லை என்றும் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசும்போது கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஸவாஹிர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். திண்பண்டம் எதையும் தொடவில்லை.

"நாம ஜெயிச்சோம்னு நினைச்சேன்," என்றார். "அவங்களுக்குக் கதவைத் தொறந்துவிட்டிருக்கோம். முன்ன பேசாம இருந்து தப்பிக்கலாம்னு ஜனங்க நினைச்சாங்க. இப்ப அதுவும் போச்சு."

"பேசாம இருந்தவங்க தப்பிக்கலையே, காக்கா. அவங்க பேரை எழுதிக்கிட்டாங்க."

"தப்பிச்சோம்னு நினைச்சுக்கிட்டாவது இருந்தாங்க, மகள்."

*

மறுவாக்கெடுப்பு 2051 மே 27, சனிக்கிழமை நடந்தது. காலை பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தபோது நுஸ்ஹா அடுப்படிக் கதவைச் சாத்தவில்லை. அம்னா பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி முடிந்ததும், "இல்லை," என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள், முதல் தடவை சரியாகக் கேட்டிருக்காதோ என்று.

மாலை நான்கு மணிக்கு ஆணையம் முடிவை வெளியிட்டது. ஆம், 4,21,000. இல்லை, 88,000. பேசாதவர்கள், 1,03,000, இவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பதினேழாம் திருத்தம் நிறைவேறியது. இதை எதிர்த்து யாரும் மனுச் செய்யவில்லை.

அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு காதி மரைக்காயர் தெருவுக்கு வந்தார். தாஸிமும் இரண்டு சாட்சிகளும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி மேசைமேல் வைக்கப்பட்டது. முன்பு ஒருமுறை வாழ்ந்த பெண் என்பதால் வாய்மொழிப் பதில் தேவை, மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படும் என்று காதி படித்துக்காட்டினார். மணமகன் தரும் மஹர் தொகையைச் சொன்னார். மணமகன் பெயரைச் சொன்னார்.

"சம்மதமா, மகள்?"

நுஸ்ஹா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாஸிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதி நாற்பது நொடி காத்திருந்தார். பிறகு, விதியில் இல்லாவிட்டாலும், இன்னும் ஒரு நாற்பது நொடி காத்திருந்தார்.

பதிவேட்டில் 'சம்மதம் இல்லை' என்று எழுதி, தேதியிட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். பதிவு, துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு மே 29 அன்று எம். தாஸிம் கையெழுத்திட்டார்.